வியாழவேந்தன்: வாழ்வும் விலாசமும்

ஜெயராமன் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்புப் பிரிவில் போர்மேன். ஆனால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் "ஆய்வு" என்பார். என்ன ஆய்வு என்று மேற்கொண்டு கேட்காதவர்கள் பாக்கியவான்கள். கேட்டவர்களில் பலர் ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்கள். ஒருவர் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறார்.

ஆய்வுப் பொருள், எழுத்தாளர் வியாழவேந்தன். எண்பதுகளின் கடைசியில் 'விந்தைச்சுடர்' என்றொரு மாத இதழ் விருத்தாசலத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. வந்தது என்று சொல்வது மரியாதைக்கு. சில மாதம் வரும், சில மாதம் வராது. அதில் விஞ்ஞானக் கதைகள் எழுதியவர்தான் வியாழவேந்தன். அவருடைய தொடர்கதை 'இரும்புப் பல்லன்'. வியாழனைச் சுற்றும் ஒரு துணைக்கோளில், பத்து மாடி உயரத்துக்கு ஒரு யந்திரம். அதன் மூக்கில் ராட்சதச் சக்கரம், சக்கரம் முழுக்கப் பல்வைத்த வாளிகள். அது இரவும் பகலும் நிலத்தைத் தின்று பின்பக்கமாக மலை மலையாகக் கக்குகிறது. அங்கே குடியிருந்தவர்களைக் கொண்டுபோய் ஒரு பொட்டலில் விடுகிறார்கள். கிணறுகள் வற்றுகின்றன. நாயகன் மாறன் சக்கரத்தின் பல்லில் சட்டை மாட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்குகிறான். 'தொடரும்' என்று போட்டார்கள். அடுத்த மாதம் இதழே நின்றுவிட்டது.

மாறன் தொங்கியது தொங்கியபடி இருந்தான். இங்கே ஜெயராமன் அப்ரெண்டிஸிலிருந்து வேலையாளாகி, மலர்கொடியைக் கல்யாணம் செய்து, மகளைப் படிக்கவைத்து, பெங்களூருக்கு அனுப்பி, சர்க்கரை வியாதியும் வாங்கிவிட்டார். மாறன் என்ன ஆனான் என்பது மட்டும் தெரியவில்லை. நடுச்சாப்பாட்டில் திடீரென்று நிறுத்தி, "சட்டை கிழிஞ்சிருந்தா விழுந்திருப்பான்" என்பார். மலர்கொடி ரசத்தை ஊற்றிவிட்டு, "புதுச் சட்டையாங்க?" என்று கேட்பாள்.

இதில் ஒரு விசேஷம். தினமும் பக்கெட் வீல் யந்திரத்தின் நிழலில் நின்று, அது தோண்டிக் கொட்டும் மண்ணை ஓடுகிற பெல்ட்டில் அனுப்பிவைப்பதுதான் ஜெயராமன் வாங்கும் சம்பளத்துக்கான வேலை. அப்படிப்பட்டவர், இப்படியொரு யந்திரத்தை ஒரு மனித மூளை எப்படித்தான் கற்பனை செய்ததோ என்று வியந்து, அந்த வியப்புக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினார். மலர்கொடி ஒருமுறை, "இது உங்க மைன்ஸ்ல ஓடுற மிஷினு மாதிரி இல்ல?" என்று கேட்டதற்கு, இலக்கியத்தை இப்படித் தட்டையாகப் படிக்கக் கூடாது என்று விளக்கினார்.

வியாழவேந்தன் யார் என்பதை அவர் கண்டுபிடித்த விதமும் சாதாரணமானதல்ல. இதழில் ஒரே ஒருமுறை கதாசிரியரின் விலாசம் அச்சாகியிருந்தது. நெய்வேலியில் ஒரு பிளாக், அதில் ஒரு குவார்ட்டர்ஸ் எண். மற்ற ஊர்களில் ஒருவரைப் பற்றி அறிய ஜாதகம் பார்ப்பார்கள். இந்த நகரியத்தில் குவார்ட்டர்ஸ் எண் போதும். பதவி, சம்பளம், வீட்டில் எத்தனை அறை, பின்புறம் பலாமரம் உண்டா என்பது வரை அதில் அடக்கம். அந்த வீடு அப்போது கருணாகரன் என்ற இன்ஜினியருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. விசாலமான வீடு. இவ்வளவு பெரிய கற்பனை சின்ன வீட்டுக்குள் அடங்கியிருக்காது என்று ஜெயராமனுக்குப் பட்டது. ஆக, வியாழவேந்தன் என்பவர் கருணாகரனே. முடிந்தது ஆய்வு, இனி ஆதாரம் தேட வேண்டியதுதான் பாக்கி.

கருணாகரன் ஓய்வுபெற்று, நகரியத்துக்கு வெளியே வடக்குத்தில் வீடு கட்டி, அதில் சில வருஷம் இருந்து காலமாகிவிட்டார். மனைவி கமலா அங்கேதான் இருக்கிறார். ஜெயராமன் ஞாயிறுதோறும் பேனாவோடு போய் உட்கார்ந்தார். அவர் பேட்டியெடுக்கும் முறை தனி. கேள்வி ஒரு பக்கம் ஓடும். பதிலும் அதற்குள்ளேயே இருக்கும்.

"சார் சாயங்காலம் மொட்டை மாடியில நின்னு, அந்த நட்சத்திரங்களைப் பார்த்து, மனித குலத்தோட எதிர்காலத்தை நினைச்சு ஏங்கியிருப்பார், இல்லீங்களா?"

"மாடிக்குப் போவார் தம்பி. ஆன்டெனா அடிக்கடி திரும்பிக்கும்" என்றார் கமலா.

ஜெயராமன் எழுதிக்கொண்டார்: 'மாடியில் நின்று விண்வெளியோடு தொடர்புகொள்ள முயன்றார்.'

வியாழவேந்தன் வெறும் எழுத்தாளர் மட்டுமல்ல; சேகரிப்பாளரும்கூட. தன்னிடம் நூற்றுக்கணக்கில் அயல்நாட்டு விஞ்ஞான நாவல்கள் இருப்பதாக இதழில் ஒருமுறை பீற்றிக்கொண்டிருந்தார். அவை எங்கே என்று ஜெயராமன் கேட்டார்.

"புத்தகமா? சேரச் சேரப் பழைய பேப்பருக்குப் போட்டுடுவோமே" என்றார் கமலா.

ஜெயராமன் கண் கலங்கினார். ஒரு மேதையின் நூலகத்தை ஓர் இல்லத்தரசி எடைக்குப் போட்ட துயரத்தை 'தராசுத் தட்டில் தாரகைகள்' என்ற அத்தியாயத்தில் வடித்தார். எழுதும்போது ஒரு முறையும், பிழை திருத்தும்போது ஒரு முறையும் அழுதார்.

இப்படியாக 'வியாழவேந்தன்: வாழ்வும் வாக்கும்' அச்சாகிக் கட்டுக் கட்டாக வீட்டு வராந்தாவில் இறங்கியது. அட்டையில் கருணாகரன், பின்னால் சனிக்கிரகம். வியாழன் படம் அச்சகத்தில் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. ஒரு பெரிய அதிகாரி தலைமை. நம் நிறுவனத்து இன்ஜினியரைப் பற்றிய புத்தகம் என்பதால், பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் வாங்க ஏற்பாடு செய்வதாக வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். ஜெயராமன் ஓய்வுபெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தப் புத்தகம் மேடையேறினால் அவர் ஆய்வாளர் ஜெயராமன். ஏறாவிட்டால், காலையில் பூங்காவைச் சுற்றிவந்து பென்ஷனைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் இன்னொருவர்.

புத்தகம் வந்துவிட்டதே, இனி எதற்கு என்று மலர்கொடி, திருத்திய அச்சுப்படிகளையெல்லாம் அள்ளிப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டாள்.

"அது வருங்கால ஆராய்ச்சியாளர்களுக்கு வேணும்டீ!"

"வர்றவங்க எங்கங்க உட்காருவாங்க? நாற்காலி பூரா உங்க புத்தகக் கட்டு" என்றாள்.

ஜெயராமன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பத்துக்குப் பறந்தார். கடைத்தெருவின் கோடியில், கட்டுக்கட்டான தினசரிகளுக்கும் ஓட்டை வாளிகளுக்கும் நடுவில் பழைய பேப்பர்க்காரர் அன்புச்செல்வன் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். சாயம் போட்ட மீசை. தராசுக்குப் பின்னால் நாற்காலியைச் சிம்மாசனம்போலப் போட்டிருந்தார். மடியில் ஜெயராமனின் அச்சுப்படி. கையில் சிவப்புப் பேனா. குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, அந்தக் கட்டு என்னோடது. எடுத்து வை" என்றார் ஜெயராமன்.

"தோ, ஒரு நிமிசம் இருங்க சார். ஜெர்மனிக்குப் போய்கினு இருக்கேன். எறங்கிட்டு வந்துடறேன்."

"யாரு ஜெர்மனி போறது?"

"நாந்தான். உங்க புக்குல போட்டிருக்கீங்களே, வியாழவேந்தன் டிரெய்னிங்குக்காக ஜெர்மனி போனாருன்னு. நான் திருச்சியே ஒருவாட்டிதான் போயிருக்கேன். அதுவும் கண்ணாஸ்பத்திரிக்கு."

ஜெயராமன் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "வியாழவேந்தன் கருணாகரன் சார்" என்றார்.

"கருணாகரன் சார் நல்ல மனுசன் சார். ஆனா அவரு எழுதி நான் பாத்ததெல்லாம் லீவு லெட்டருதான். அதையும் கமலாம்மாதான் திருத்துவாங்க."

"அவர் விலாசம் அச்சாகியிருக்கு!"

"ஆயிருக்கும். அப்பல்லாம் குவாட்ரஸு பக்கம் சைக்கிள்ல பேப்பர் எடுக்கப் போவேன். எங்க வூட்டுக்குக் கதவு நம்பரே கெடையாது. தபால் வந்தா போஸ்ட்மேன் டீக்கடையில குடுத்துடுவாரு, டீக்கடைக்காரன் அதுல போண்டா மடிச்சிடுவான். குவாட்ரஸுன்னா வாசல் வரைக்கும் வந்து குடுப்பாங்க. இங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க சார், வேலைக்கு அப்ளிகேசன் போட்டாலும் சரி, பொண்ணு கேட்டு போட்டோ அனுப்புனாலும் சரி, தெரிஞ்சவங்க குவாட்ரஸு அட்ரஸுதான். எங்க சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனதே ஒரு டாக்டரு குவாட்ரஸு அட்ரஸுலதான். நான் கருணாகரன் சாரு பேருக்கு முன்னால கேர் ஆப் போட்டுத்தான் அனுப்புனேன். எடம் பத்தலன்னு பத்திரிகைக்காரன் கேர் ஆப்பைத் தூக்கிட்டான்."

ஜெயராமன் தராசுத் தட்டில் இருந்த பேப்பர் கட்டின் மேலேயே உட்கார்ந்தார். தராசு ஒரு பக்கம் சாய்ந்தது.

அன்புச்செல்வன் அவரைப் பின்னறைக்கு அழைத்துப்போனார். சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகள். எல்லாம் அயல்நாட்டு விஞ்ஞான நாவல்கள். சிமெண்ட் பை காகிதத்தில் அட்டை போட்டு, மைதாப் பசையால் முதுகு ஒட்டி, வரிசையாக நின்றன. யந்திரங்களை நிறுவ வந்த வெளிநாட்டு நிபுணர்கள் படித்துவிட்டு விடுதியிலேயே விட்டுப்போனவை, ஓய்வுபெற்ற இன்ஜினியர்கள் வீடு காலி செய்யும்போது எடைக்குப் போட்டவை. ஒவ்வொரு குடும்பமாக நகரியத்தை விட்டுப் போகப் போக, அன்புச்செல்வனின் நூலகம் வளர்ந்திருந்தது.

"இங்கிலீஷ் எப்படி?" ஜெயராமனின் குரல் பழுதான பெல்ட் மாதிரி இழுத்தது.

"ஒரு டிக்சனரி கெடச்சுது. முன்பக்கம் கரையான் தின்னுட்டுது, 'டி'லேருந்துதான் இருந்துது. அதுக்கு முன்னால வர்ற வார்த்தைங்களுக்கெல்லாம் நானே அர்த்தம் வெச்சிக்கினேன். அதனாலதான் சார் என் கதையில விஞ்ஞானம் மத்தவங்க மாதிரி இருக்காது."

இது உண்மை. புத்தகத்தில் ஜெயராமன் இதை 'மரபை மீறிய அறிவியல் பார்வை' என்று குறிப்பிட்டிருக்கிறார்.

"அப்ப அந்த யந்திரம்..."

"எங்க நெலத்தைத் தின்னுச்சே, அதுதான். பேரு மட்டும் நான் வெச்சது. நீங்க என்னடான்னா 'மனித உழைப்பின் உற்பத்தித் திறனைப் போற்றும் படிமம்'னு எழுதியிருக்கீங்க. எங்க அப்பா படிச்சிருந்தா உங்களை வூட்டாண்ட சேத்திருக்க மாட்டாரு."

ஜெயராமன் இதையெல்லாம் கேட்டாரா என்பது சந்தேகம். அவருக்குள் வேறொன்று எழும்பிக்கொண்டிருந்தது. கேட்டேவிட்டார்: "ஐயா... மாறன் என்ன ஆனான்?"

ஐயா! கடைக்குள் நுழையும்போது 'என்னப்பா'வாக இருந்தவர் பின்னறைக்கு வருவதற்குள் ஐயா ஆகிவிட்டார். இதை அன்புச்செல்வனும் கவனித்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"சொல்லலாம். ஆனா இப்ப சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழம மேடையில, மைக்குல, இந்தக் கதைங்களை எழுதுனது மந்தாரக்குப்பம் அன்புச்செல்வன்னு நீங்க சொல்லுங்க. நான் சொல்றேன் மாறன் என்ன ஆனான்னு. இத்தினி வருசமா நானும் அவன் பக்கத்துலதான் தொங்கிக்கினு கெடக்கறேன்."

ஜெயராமன் நேராக வடக்குத்துக்குப் போனார். கமலா முறுக்குத் தட்டை நீட்டினார்.

"ஆமா, அன்புதான் எழுதுவான். நல்லா எழுதுவான். எனக்குத்தான் ஒண்ணும் புரியாது" என்றார்.

"ஏம்மா, இத்தனை ஞாயிறு வந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்க எங்க தம்பி கேட்டீங்க? 'சார் இப்படி எழுதினாரே, அப்படி எழுதினாரே'ன்னு நீங்களே சொல்லிக்கிட்டுப் போனீங்க. காப்பி ஆறுதுன்னு மட்டும்தான் எனக்குச் சொல்ல முடிஞ்சுது." சற்று யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "அப்புறம் எனக்கும் ஒரு ஆசை. பாவம், அவருக்கு ஆபீஸை விட்டா ஆன்டெனாதான். செத்தப்புறமாவது ஒரு பொழுதுபோக்கு இருந்ததா இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்த ஜெயராமன், புத்தகக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு கட்டுபோல உட்கார்ந்தார். மலர்கொடி எல்லாவற்றையும் கேட்டாள்.

"பேசாம இருந்துட்டா யாருக்கும் தெரியப்போறதில்ல. புத்தகத்தை வாங்கிப்பாங்க. நீங்களும் ஆய்வாளர் ஆயிடுவீங்க" என்றாள்.

"அதான் நானும் நினைக்கிறேன்."

"மாறன்தான் பாவம்."

ஜெயராமன் அவளை முறைத்தார். அன்றிரவு ரசம் தொடப்படவில்லை.

இரண்டு பக்கமும் நழுவாமல் நடக்கத் தமிழ்ப் புத்தகத் தொழில் ஒரு வழி வைத்திருக்கிறது: பிழைதிருத்தச் சீட்டு. எந்தக் குற்றத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்துக் கடைசிப் பக்கத்தில் செருகிவிட்டால், எழுதியவனுக்குப் பாவம் தீர்ந்தது. படிப்பவனுக்குத் தெரியவும் தெரியாது. ஜெயராமன் எழுதினார்: 'இந்நூலில் கருணாகரன் என்று வருமிடமெல்லாம் அன்புச்செல்வன் என்று படித்துக்கொள்ளவும்.' எழுதியதை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பம் போனார்.

அன்புச்செல்வன் படித்துப் பார்த்தார். "அப்ப கடைசி அத்தியாயத்துல நான் செத்துடறேனா?"

"அது... அதை மட்டும் விட்டுப் படிக்கவும்னு போட்டுடலாம் ஐயா."

"இன்ஜினியரிங் படிச்சதா வருதே?"

"அதையும் எடுத்துடறேன்."

"அவசரப்படாதீங்க. அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நல்லாத்தான் இருக்குது. ஜெர்மனியும் இருக்கட்டும், பாதி தூரம் படிச்சிட்டேன். ஆனா சாருக்கு இருந்த இந்தச் சர்க்கரை வியாதி எனக்கு வேணாம். சார் பொஞ்சாதி கமலாம்மான்னு வர்ற எடமெல்லாம் மாத்திடுங்க, எங்க வூட்டுல கொன்னுடுவாங்க."

இப்படி ஒரு முழு மாலை பேரம் நடந்தது. சாவு போயிற்று, வியாதி போயிற்று, மனைவி மாறினார். பட்டம், வெளிநாட்டுப் பயணம், சாந்தமான சுபாவம் ஆகியவை நின்றன. வாழ்க்கை வரலாறு என்றால் என்ன என்பது ஜெயராமனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. சீட்டை அச்சுக்குக் கொடுத்தார்.

"சீட்டு மட்டும் போதாது. மைக்கு" என்றார் அன்புச்செல்வன், படியிறங்கும்போது.

ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. விழா முடிவில் கேசரி உண்டு என்ற செய்தி பரவியிருந்தது. மேடையில் கருணாகரனின் பெரிய படம், ரோஜா மாலை. முன்வரிசையில் கமலா, பக்கத்தில் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக அன்புச்செல்வன். நாற்காலி கிடைக்காமல் மேடைப் படிக்கட்டில் மலர்கொடி. தலைமை தாங்கிய அதிகாரி பாதுகாப்பு வாரத்தைப் பற்றிப் பேசிவிட்டு, பையில் இருந்த குறிப்பை ஒருமுறை எட்டிப் பார்த்து, "இப்படியொரு விஞ்ஞான மேதை நம்மில் ஒருவராக வாழ்ந்து மறைந்தார் என்பது நமக்கெல்லாம் பெருமை" என்று படத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். புத்தகத்தைப் பள்ளிகளுக்கு வாங்குவது பற்றியும் நல்லவிதமாகக் கோடி காட்டினார்.

ஏற்புரைக்கு ஜெயராமன் எழுந்தார். நன்றி சொல்லிவிட்டு உட்காரலாம். பள்ளிகள், நூலகங்கள், ஆய்வாளர் ஜெயராமன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. முன்வரிசையில் அன்புச்செல்வன் கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரல்களைக் கொக்கியாக வளைத்துக் காட்டினார். மாறன் தொங்குகிறான்.

ஜெயராமன் சீட்டை எடுத்து வாசித்தார். கருணாகரன் என்று வருமிடமெல்லாம் அன்புச்செல்வன் என்று படித்துக்கொள்ளவும். கைதட்டினார்கள். கடைசி அத்தியாயத்தில் வரும் மரணத்தை நீக்கிப் படிக்கவும். அதற்கும் தட்டினார்கள். ஏற்புரையில் எதற்கும் தட்டுவது நகரியத்து நாகரிகம். முன்வரிசையில் கமலா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். ஜெயராமனுக்குக் கோபமே வந்துவிட்டது. சீட்டைக் கசக்கிப் பையில் போட்டார்.

"கைதட்டாதீங்க! நான் தப்பாப் புத்தகம் போட்டுட்டேன். கருணாகரன் சார் ஒரு கதையும் எழுதல. எழுதினது இவர். மந்தாரக்குப்பத்துல பழைய பேப்பர் கடை வெச்சிருக்கிற அன்புச்செல்வன். உயிரோட இருக்கார்."

அரங்கில் தலைகள் அன்புச்செல்வன் பக்கம் திரும்பின. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், நகரியத்தின் ஆதாரக் கேள்வியைக் கேட்டது: "அவரு பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

"ரெண்டும் இல்ல. நாங்க நெலம் குடுத்தவங்க" என்றார் அன்புச்செல்வன். சொல்லிக்கொண்டே மேடையேறி, கருணாகரன் படத்தைக் கும்பிட்டு, அதிலிருந்த பொன்னாடையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டவர் ஜெயராமனின் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைமை தாங்கிய அதிகாரிக்கு அந்த நேரம் பார்த்து ஒரு முக்கியமான போன் வந்தது. பேசிக்கொண்டே இறங்கிப்போனவர் திரும்பவில்லை. பள்ளிகளும் நூலகங்களும் அவரோடு இறங்கிப்போயின.

ஜெயராமன் அதைப் பார்க்கவேயில்லை. மைக்கை அன்புச்செல்வனிடம் நீட்டியபடி நின்றார். "மாறன்" என்றார்.

அன்புச்செல்வன் தொண்டையைச் செருமினார். "மாறன் தொங்கறான். கீழ பாதாளம். சக்கரம் சுத்துது. இன்னும் ஒரு சுத்து, அவ்வளவுதான். அந்த நேரத்துல சக்கரம் நின்னுடுது. ஏன்னா, அந்தக் கோள்லயும் ஷிப்ட் மாறுற நேரம்."

"தப்பு!" என்று ஒருவர் எழுந்தார். "ஷிப்ட் மாறுறதுக்கெல்லாம் பக்கெட் வீல் நிக்காது. ஓடிக்கினு இருக்கும்போதே மாத்திவிட வர்ற ரிலீவர் கேபின்ல ஏறிடுவான்."

"ரிலீவர் வரல. ஆப்பரேட்டர் எத்தினி நேரம் பாப்பான்? ஆப் பண்ணிட்டு எறங்கிட்டான்" என்றார் ஆசிரியர்.

அரங்கமே "ஆங்!" என்றது. ரிலீவர் வராதது எந்தக் கோளிலும் நம்பத் தகுந்த சம்பவம். இருந்தாலும் ஆப்பரேட்டர் சொல்லாமல் இறங்கினால் சார்ஜ் மெமோ வருமா வராதா என்று இரண்டு வரிசைகளுக்கு நடுவில் பெரும் விவாதம் மூண்டது. கேசரி வந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

"கேளுங்க, முடிக்கல" என்றார் அன்புச்செல்வன். "மாறன் சட்டையைக் கழட்டிட்டு எறங்கறான். வூட்டுக்குப் போறான். வூடு இருந்த எடத்துல பள்ளம்தான் இருக்குது. கரையில உக்காந்துக்கினு, அடுத்த ஷிப்ட் எப்ப ஆரம்பிக்கும்னு பாத்துக்கினு இருக்கறான். முற்றும்."

விவாதம் அடங்கிவிட்டது. கமலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில் எழுந்தவர் மெல்ல உட்கார்ந்தார். பிறகு கைதட்டல் எழுந்தது. இது வழக்கமான கைதட்டல் இல்லை.

ஜெயராமன் கைதட்டவில்லை. மேடைப் படிக்கட்டில் மலர்கொடிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாறன் சட்டையை இறக்கையாக விரித்து வியாழனை நோக்கிப் பறந்துபோகிறான் என்று அவர் இத்தனை காலமாக மனதுக்குள் முடித்து வைத்திருந்தார்.

"இது வியாழவேந்தன் நடையே இல்ல" என்றார்.

"எழுதினவரே சொல்றாருங்க."

"அவருக்கென்ன தெரியும்?"